இரங்கலும் கையறுநிலையும்: ஒக்கிக்குப் பின் நெய்தல்



காவாந்தண்டலம் செய்யாற்றங்கரை ஊர். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்திற்குத் தெற்கே வயலூரை அடுத்துக் கடல் சேர்கிறது. இவ்வூரின் நீர் கடலுக்குப் போகிறது. கடலோ இவ்வூருக்குப் பாட்டாக மட்டுமே வருகிறது. மருதத்தில் வாழ்ந்துகொண்டு நெய்தலைப் பயில்வோர் அதன் உரிப்பொருளை எவ்வாறு உணர்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

கல்லாடனாரின் குறுந்தொகைப் பாடல் ஒன்றில், சுறா தாக்கிய புண் ஆறியதும் தலைவியின் தந்தை மீண்டும் கடல் புகுந்துவிட்டான். உப்பை மாற்றி நெல் கொண்டுவரத் தாய் உப்பளத்திற்குச் சென்றுவிட்டாள். வீட்டில் எவரும் இலர். தலைவன் வருதற்கு ஏற்ற பொழுது என்பது குறிப்பு. அகப்பாட்டுதான், ஆயினும் ஒரு குடும்பத்தின் பிழைப்பு முழுவதும் அதில் அடங்கியுள்ளது. ஆறிய புண்ணோடு மீண்டும் கடல் புகுவது வீரத்தை மட்டும் காட்டுவதன்று. கடலை விட்டால் வேறு வழியில்லாத வாழ்வையும் காட்டுகிறது.

அந்தத் தந்தையின் வழிவந்தோர் இன்றும் உளர். குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவர் ஆழ்கடல் சுறா வேட்டையில் பெயர்பெற்றவர்கள். நீண்ட கயிற்றில் பல தூண்டில்களைக் கோத்துக் கடலில் இறக்கி, வாரக்கணக்கில் அங்கேயே தங்கி மீன்பிடிப்பது அவர்தம் முறை.

2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே நின்ற காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாளே குமரிக் கடலில் ஒக்கிப் புயலாயிற்று. கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் எச்சரிக்கை கரையில் இருந்தோரைத் தடுக்கலாம். பல நாள் முன்னரே சென்றோரை அஃது எட்டவில்லை. படகுகளில் இருந்த வானொலிக் கருவிகள் குறுகிய தொலைவே எட்டுவன. புயல் இலட்சத்தீவுகளைக் கடந்து, வலுவிழந்து, டிசம்பர் 5 அன்று குசராத்துக் கரையை நெருங்கியது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக இறந்தோரும் காணாமற்போனோரும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர். பலருடைய உடல் கரை சேரவேயில்லை.

இங்கேதான் தொல்காப்பியம் வகுத்த இரு சொற்களை நினைத்தல் வேண்டும். இறந்தவரை எண்ணிப் புலம்புவது கையறுநிலை, அது புறம். வராதவரை எண்ணிக் கரையில் ஏங்குவது இரங்கல். அது நெய்தலின் உரிப்பொருள், அகம். முன்னதில் முடிவு உண்டு. பின்னதில் முடிவு இல்லை. ஒக்கிக்குப் பின் அக்கரைப் பெண்கள் இவ்விரண்டிற்கும் நடுவே நின்றனர். உடலைக் காணாமல் கையறுநிலை பாட நெஞ்சு ஒப்பவில்லை. நாள்கள் கடக்கக் கடக்க இரங்கலும் நம்பிக்கை இழந்தது.

சட்டமும் அவர்களை ஒரு பக்கம் சேரச் சொன்னது. அன்று நடைமுறையில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் செய்தி இல்லையெனில்தான் அவர் இறந்ததாகக் கொள்ளப்படும். அதுவரை இறப்புச் சான்று இல்லை, உதவித்தொகை இல்லை, ஆதலால் அவ்வரையறை அப்போது தளர்த்தப்பட்டது. அது தேவையான அருட்செயல்தான். எனினும், சான்றிதழைக் கையில் வாங்கிய நாளில், கணவன் இறந்தான் என்பதற்கு மனைவியே உடன்பட வேண்டியவள் ஆனாள். நெய்தற் புலவர் எவரும் பாடாத துயரம் இது.

2019-இல் செயற்கைக்கோள்வழி எச்சரிக்கை பெறும் ‘ஜெமினி’ என்னும் கருவி அறிமுகமாயிற்று. கரையின் சொல் கடலுக்குச் சென்றது. கடலில் தவிப்போரின் சொல்லைக் கரைக்குக் கொணர அக்கருவிக்கு ஆற்றல் இல்லை. கேட்க மட்டும் முடிந்து, சொல்ல முடியாத நிலையும் ஒருவகை இரங்கலே.

அச்சொல்லைக் கரைக்குக் கொணர்வது இலக்கியத்தின் கடன். ஜோ டி குருஸ் 2004-இல் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் அதனைச் செய்தார். கடற்கரையில் பிறந்தவர் எழுதியபோதுதான், பரதவர் கருப்பொருள் என்னும் நிலையிலிருந்து மாந்தராய் எழுந்தனர்.

மருதநிலத்துக் கவிஞர் கடலைப் பாடலாகாது என்பதன்று கருத்து. குறுந்தொகைத் தாய் உப்பை மாற்றிப் பெற்ற நெல், இத்தகைய வயலொன்றில் விளைந்ததுதானே! உப்பும் நெல்லும் அன்றே உறவுடையன. புயலை உவமையாக எடுத்தாளும் கவிஞர், எழுதுமுன் ஒருகணம், திரும்பாத படகொன்றின் பெயரை இன்னும் அழிக்க மனமில்லாத வீட்டை நினைத்துக்கொள்ளட்டும். அதன்பின் எழுதும் வரியில் உப்பு இருக்கும்.