யார் பிணையத்தில் பறப்பது?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கேள்வி எழுதிக் கொடுங்க என்று சொன்னோம். வந்த சீட்டுகளில் ஒன்றை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "பைலட் ஆகணும். காலேஜில் சேரணுமா, நேரா விமானப் பயிற்சிக்குப் போகலாமா?" இந்தக் கேள்வி நம்ம கூட்டத்தில் வந்ததே எனக்குச் சந்தோஷம். டீச்சர் டிரெயினிங்கா, நர்சிங்கா, போலீசா - இதுக்கு மேல நம்ம பிள்ளைங்க கேட்டா, "அண்ணாந்து பார்த்தா கழுத்து சுளுக்கிக்கும்டா" என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்காங்க. நமக்குள்ளேயும் இருக்காங்க.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் விமானத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பயணிகள் விமானம் ஓட்டச் சட்டப்படி பட்டம் தேவையில்லை. 18 வயது, இயற்பியலும் கணிதமும் எடுத்துப் பிளஸ் டூ தேர்ச்சி, டிஜிசிஏ நடத்தும் பரீட்சைகள், மருத்துவச் சான்று, 200 மணி நேரம் பறந்த கணக்கு. இவ்வளவு இருந்தால் வணிக விமானி உரிமம் கிடைக்கும். பரீட்சை என்பது வழிகாட்டல், வானிலை, வான் விதிகள், விமானத் தொழில்நுட்பம். இதில் நம்ம பிள்ளைங்க பயப்பட எதுவுமில்லை. பயப்பட வேண்டியது அந்த 200 மணி நேரத்துக்குத்தான். ஒவ்வொரு மணி நேரமும் காசு. எல்லாம் சேர்ந்து 40 லட்சத்துக்குக் குறையாது, பல இடங்களில் அதையும் தாண்டும். உரிமம் கையில் வந்த பிறகும் ஏர்பஸ், போயிங் என்று குறிப்பிட்ட விமானத்துக்குத் தனிப் பயிற்சி எடுக்கணும். டைப் ரேட்டிங் என்பார்கள். அதுக்கு இன்னொரு 10, 20 லட்சம்.

"கடன் கிடைக்குமே" என்பார்கள். கிடைக்கும். 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணையம் கேட்கும். யாரிடம் இருக்கிறது சொத்து? கடன் பிரிவில் உட்கார்ந்து நான் பார்த்த மனுக்களில், மார்க் குறைவு என்று திரும்பிப்போன நம்ம பிள்ளை ஒண்ணுகூட நினைவில் இல்லை. பத்திரம் இல்லை என்று திரும்பிப்போனவர்கள் நினைவில் இருக்கிறார்கள்.

பைலட் ஆவதற்கும் பஞ்சமி நிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இதுதான் சம்பந்தம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் நம்ம மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். அதை ஒட்டி 1892இல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் நமக்கென்று ஒதுக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று நம்ம கையில் இருக்கிறது? காலனி எடுத்துக்கிட்டா கேட்டுப் பாருங்கள். நிலத்தை வளைத்துக்கொண்டவன் பேரன் அந்த நிலத்தின் வாசனையில் பத்திரம் நீட்டுகிறான், பறக்கிறான். நிலத்தை இழந்தவன் பேத்தி வங்கி வாசலில் நிற்கிறாள். அப்புறம் அதுக்குப் பேர் தகுதி, திறமை!

எங்க வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் அக்கா மகளுக்கு இதே ஆசை. மாமா கூரை மாற்றி ஓடு போட்ட வீட்டையும் அறுபது சென்ட் நிலத்தையும் விற்கிறேன் என்று கிளம்பிவிட்டார். "மாமா, மொத்தமும் வித்தாலும் பாதிப் பணம்கூட ஆகாது. பாதிப் பறப்புக்கு உரிமம் கொடுக்க மாட்டான்" என்றேன். அவருக்குக் கோபம். "வங்கிக்காரன் மாதிரியே பேசுறியே" என்றார். அக்காவும் ரெண்டு நாள் பேசவில்லை. பாதியில் பணம் தீர்ந்து நின்றால் உரிமமும் இருக்காது, வீடும் இருக்காது. அந்த இடத்தில்தான் நம்ம குடும்பங்கள் உடையுது.

இப்போ அவள் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல். உதவித்தொகையில் படிக்கிறாள். அதோடு, டிஜிசிஏவில் பதிவு செய்து வானிலை, வழிகாட்டல் பாடங்களுக்குத் தயார் செய்கிறாள். பறக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பரீட்சைகளை எழுதலாம். எல்லாத்துக்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. நிறக்குருடு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் கட்டிய பிறகு தெரியக் கூடாது. எல்லாப் பள்ளியும் இதை முதலில் சொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. 

அப்போ என் பதில் பட்டமா? ஆமாம், பட்டத்தை விடாதே. இது பயந்தவன் பேச்சு இல்லை. கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. ஒவ்வொரு முறையும் உரிமம் வைத்திருந்தவர்கள் வீதிக்கு வந்தார்கள். அப்பன் சொத்து இருக்கிறவன் ரெண்டு வருஷம் காத்திருப்பான். நாம் காத்திருக்க முடியாது. உடம்பில் ஒரு கோளாறு என்றால் மருத்துவச் சான்று போய்விடும், உரிமம் வெறும் காகிதம். அன்றைக்குச் சோறு போடுவது பட்டம்.

ஆனால் இதோடு நிறுத்தினால், "உன் தகுதிக்கு இது போதும்" என்று சொல்கிறவனுக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. உத்தரப்பிரதேசம் ஃபர்சத்கஞ்சில் ஒன்றிய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு உண்டு, நமக்கு இட ஒதுக்கீடும் உண்டு. முயற்சி செய்யுங்கள். ஆனால் சீட்டு ஒதுக்குவார்கள், கட்டணம் என்னவோ லட்சக்கணக்கில்தான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வித் திட்டத்தில் விமானப் பயிற்சியையும் சேர்த்தார்கள். தனியார் பறக்கும் கிளப் என்றால் வருஷத்துக்கு 3.72 லட்சம் உச்சவரம்பு என்று விதி எழுதினார்கள். 40 லட்சம் கேட்கிற இடத்தில் 3.72 லட்சம்! ஏணியின் முதல் படியை மட்டும் செய்து கொடுத்து ஏறச் சொல்கிற வேலை.

ஏறினாலும் மேலே என்ன இருக்கிறது? ஏர் இந்தியா பொதுத்துறையாக இருந்தவரை அதன் விமானி விளம்பரங்களில் எஸ்சி, எஸ்டி இடங்கள் இருந்தன. 2022 ஜனவரி 27இல் அது டாடாவிடம் போனது. தனியாரில் இட ஒதுக்கீடு கிடையாது. நாம் வாசலுக்கு வந்து சேர்கிற நேரத்தில் கதவைச் சாத்துகிறார்கள். இதைக் கண்டித்து எத்தனை கூட்டம் போட்டோம்? நம்ம இயக்கங்களுக்கும் விமானம் என்றால் யாரோ ஒருத்தருடைய விஷயம் என்ற நினைப்புதான்.

அமெரிக்காவில் பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண். பருத்தி பொறுக்கின குடும்பம். கல்லூரியில் ஒரு பருவம் படித்ததும் பணம் தீர்ந்து ஊர் திரும்பினார். பறக்கக் கற்றுக்கொடுக்க அங்கே எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை. சிகாகோவில் நகம் திருத்துகிற வேலை செய்துகொண்டே பிரெஞ்சு படித்தார். கறுப்பினப் பத்திரிகை ஒன்றை நடத்திய ராபர்ட் அபட் தூண்டினார், உதவினார். பிரான்சுக்குப் போய் 1921இல் உரிமம் வாங்கினார். அம்பேத்கர் 1913இல் நியூயார்க் போனார். அனுப்பியது பரோடா அரசின் உதவித்தொகை. பத்திரம் வைத்து வாங்கிய கடன் இல்லை.

வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது. ரெண்டு கோரிக்கைதான். விமானப் பயிற்சிக்குத் தேர்வாகிற நம்ம பிள்ளைகளின் முழுக் கட்டணத்தையும் அரசு கட்டணும். கல்விக்கடனுக்கு அரசே பிணை நிற்கணும். தாட்கோ அலுவலகத்துக்கு அடுத்த வாரம் கொண்டுபோகிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாக்கள் கைநாட்டு வையுங்கள், மை அங்கேயே இருக்கிறது.