வீட்டுக்குள் ஒரு நடை



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கூலிம் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். காப்பி குடித்து முடிக்கும் வரையில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "டீச்சர், அம்மாவுக்கு இந்த மெஷினை வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். பிரயோசனப்படுமா?" என்று கேட்டான்.

படத்தில் இருந்தது எலிப்டிக்கல் டிரெய்னர் என்னும் உடற்பயிற்சி இயந்திரம். ரொக்க விலை 2,700 வெள்ளி. தவணையில் எடுத்தால் மாதம் 150 வெள்ளி வீதம் 24 மாதம் கட்ட வேண்டும். அவன் அம்மா முப்பது ஆண்டு பால்மரம் சீவியவர். தோட்டத்து லயத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமானுக்குக் குடிவந்த பிறகு அவருக்கு இனிப்புநீர் கண்டது, முழங்கால் வலியும் சேர்ந்தது. அரசாங்க கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "நடக்க வேண்டும் அம்மா" என்றே சொல்கிறார்கள். அவரோ நடப்பதில்லை.

அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு காரணம், எங்கள் வீட்டிலும் முன்பு உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் இயந்திரம் ஒன்று இருந்தது. வாங்கிய மூன்றாம் மாதமே அது ஈரத்துண்டு காயப்போடும் கொடியாகிவிட்டது. இன்னொரு காரணம், அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் சோம்பேறி அல்லர்.

தோட்டத்தில் மரம் சீவிய பெண்களுக்கு உடற்பயிற்சி என்ற ஒன்று தனியே இருந்ததில்லை. விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய், ஏறக்குறைய ஐந்நூறு மரத்துக்கு நடந்து உளி போடுவார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து நிமிர வேண்டும். பிறகு அதே ஐந்நூறு மரத்துக்கு மறுபடியும் நடந்து மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றுவார்கள். விடுமுறை நாட்களில் என் தாயாரின் பின்னால் ஓடிய எனக்கு, பாதி நிரையிலேயே கால் வலித்துவிடும். அந்த வாழ்க்கை நல்ல வாழ்க்கை என்று நான் சொல்லவில்லை. பால் சுமந்து இடுப்பு ஒடிந்தவர்களையும், இரத்தச்சோகையால் வெளுத்துப்போன தாய்மார்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்த நடை நின்றபோது தட்டிலிருந்த சோற்றின் அளவு குறையவில்லை. காப்பியில் சீனியும் குறையவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-ல் திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலைக்குப் போனார்கள், பெற்றோர் அவர்களோடு தாமான் வீடுகளுக்கு வந்தார்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 15.6 பேருக்கு இனிப்புநீர் இருக்கிறது. நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நம்மவரிடையேதான் இந்நோய் அதிகம். ஆகவே அந்தப் பையன் கேட்டது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமல்ல.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பலகையில் இரண்டு ஆணி அடித்து, ஒரு நூல் வளையத்தை அவற்றில் மாட்டி, வளையத்துக்குள் சுண்ணாம்புக்கட்டியை வைத்து நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றினால் முட்டை போல் ஒரு வடிவம் வரும். அதுதான் நீள்வட்டம். ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரைத்தான் இந்த இயந்திரத்துக்கும் வைத்திருக்கிறார்கள். ஏறி நின்று மிதித்தால் பாதம் ஏறக்குறைய அந்தப் பாதையில் சுற்றி வரும். பாதம் மிதிபலகையை விட்டு எழுவதே இல்லை. கைகளும் இரண்டு கம்பிகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசையும். அமெரிக்காவின் பிரிகோர் நிறுவனம் 1990-களின் நடுவில் உடற்பயிற்சிக் கூடங்களுக்காக இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக்கான மலிவு வகைகள் பின்னால் பெருகின.

"முழங்காலுக்கு அதிர்ச்சியே இல்லை" என்பது விற்பனைக்காரர்கள் சொல்லும் முதல் வாக்கியம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. இந்த இயந்திரத்தில் அந்தத் தாக்குதல் இல்லை. ஆனால் நம் தாய்மார்கள் ஓடப்போவதில்லையே! சாதாரண நடையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல. அதோடு, சமதரையில் நடப்பதைவிட இதில் முழங்கால் அதிகமாக மடங்குகிறது. படியேறும்போது முழங்கால் சில்லில் வலி எடுப்பவர்களுக்கு இதிலும் வலி எடுக்கலாம். ஏறிப் பார்க்காமல் சொல்ல முடியாது.

அதனால் அவனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "தம்பி, படத்தைப் பார்த்து வாங்காதே. அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போ. நானும் வருகிறேன்." அந்த அம்மாவுக்கு அதில் விருப்பமே இல்லை. "மெஷின்ல ஏறி ஆட நான் என்ன சின்னப் பொண்ணா, டீச்சர்?" என்றார். எப்படியோ சம்மதிக்க வைத்தோம்.

கடையில் மலிவானதில் முதலில் ஏறினார். ஏறும்போதே ஒரு பாடம் கிடைத்தது. மேலே நின்ற மிதிபலகையில் காலை வைத்தார். அது சரக்கென்று கீழே இறங்கியது. நல்ல வேளையாக மகன் பிடித்துக்கொண்டான். அசையாத கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தாழ்ந்திருக்கும் மிதிபலகையில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். இறங்கும்போதும் இயந்திரம் முழுதாக நின்ற பிறகே இறங்க வேண்டும்.

ஆறு நிமிடம் மிதித்ததும் முழங்கால் வலிக்கிறது என்றார். அந்த இயந்திரத்தின் எட்டு குறைவு. எட்டு என்பது, மிதிபலகை முன்னால் போகும் எல்லைக்கும் பின்னால் வரும் எல்லைக்கும் இடையிலுள்ள தூரம். விளம்பரத்தாளில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு நூலில் சாவியைக் கட்டி மிதிபலகையிலிருந்து தொங்கவிட்டு, இரண்டு எல்லையையும் தரையில் குறித்து அளந்துவிடலாம். நான் அளந்தபோது 12 அங்குலம் வந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் உள்ளவை பெரும்பாலும் 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். எட்டு குறைந்தால் நடப்பது போல் இராது. குட்டைப் படியில் ஏறி இறங்குவது போல் இருக்கும், முழங்கால்தான் அந்தப் பாரத்தைத் தாங்கும். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு 14, 16 அங்குலம் பொருந்தக்கூடும். உயரமான ஆண்களுக்கு அது போதாது.

அடுத்தது, உள்ளே சுழலும் சக்கரம். ரப்பர் பாலைத் தகடாக உருட்டும் கை இயந்திரம் சிலருக்கு நினைவிருக்கும். அதன் பெரிய சக்கரம் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் தானே இழுத்துக்கொண்டு போகும். இதிலும் அப்படித்தான். சக்கரம் கனமாக இருந்தால் ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும். இலேசாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குலுக்கல் தெரியும். காந்தத்தால் இறுக்கம் கூட்டிக் குறைக்கும் வகை சத்தமில்லாமல் ஓடும். இறுக்கத்தைக் கடைசி வரை தளர்த்தியும் அந்த அம்மாவுக்குக் கடினமாக இருந்தால் அது அவருக்கு ஏற்றதல்ல.

இரண்டாவதாக ஏறியது 16 அங்குல எட்டு உள்ளது. அதில் முழங்கால் வலி வரவில்லை. பத்து நிமிடம் தாராளமாக மிதித்தார். ஆனால் கால்விரல் மரத்துப்போகிறது என்றார். பாதம் எழும்பாமல் ஒரே இடத்தில் அழுந்தி நிற்பதால் பலருக்கு இப்படி ஆவதுண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, தளர்வான காலணி போட்டு, அவ்வப்போது குதிகாலை அழுத்தி மிதித்தபோது சரியாயிற்று. இருந்தாலும் இனிப்புநீர் உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. நரம்பு உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாதத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தன்னால் குனிய முடியாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும்.

இயந்திரத்தின் முகப்பில் ஓடும் கலோரிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறுபவரின் எடையைக்கூடக் கேட்காத பெட்டி, அவர் எவ்வளவு சக்தி செலவழித்தார் என்று எப்படிச் சொல்லும்? பெரும்பாலும் கூட்டித்தான் காட்டும். அதைப் பார்த்து ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டால் நட்டம் நமக்குத்தான். அதைவிட நல்ல அளவு நம் வாயிலேயே இருக்கிறது. மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே நடுத்தர வேகம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை நடுத்தர உழைப்பு வேண்டும். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று பிரித்தாலும் கணக்கில் சேரும். இனிப்புநீர் உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிடாமல் இருப்பது நல்லது. இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் மிதித்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கை நடுங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ உடனே நிறுத்தி இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். நெஞ்சு வலித்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குவதே முறை.

கடையிலிருந்து திரும்பும் வழியில் மகன் கேட்டான்: "அப்போ வாங்கலாமா, டீச்சர்?" நான் அந்த அம்மாவிடம் திரும்பி, "நீங்கள் ஏன் வெளியே நடப்பதில்லை?" என்று கேட்டேன். அத்தனை நாளும் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலும். காலையில் தெருநாய்கள் துரத்துகின்றன, நடைபாதை கிடையாது, மோட்டார்சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகின்றன, மாலையில் மழை, ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "தோட்டத்துல இருட்டுலயே போவேன், பயமில்ல. இங்க யாரு எவருன்னே தெரியாது" என்றார்.

அதைக் கேட்ட பிறகு என் எண்ணம் மாறியது. பத்திரமாக நடக்க இடமும் துணையும் உள்ளவர்களுக்கு இந்த இயந்திரம் அவசியமே இல்லை என்பது என் கருத்து. தாமான் திடலைச் சுற்றி நடப்பது இலவசம். நல்ல காலணி ஒரு சோடி போதும். ஆனால் வாசலைத் தாண்டப் பயப்படும் ஒரு பெண்ணுக்கு வீட்டுக்குள் நடை கிடைப்பது சிறிய காரியமல்ல.

பணத்தைப் பற்றியும் பேசினோம். மாதம் 150 வீதம் 24 மாதம் என்றால் 3,600 வெள்ளி. ரொக்க விலையைவிட 900 வெள்ளி அதிகம். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அதில் பாதிக்கு மேல், தவணை என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறது. அவன் அதைத் தாளில் போட்டுப் பார்த்ததே இல்லை. என் வகுப்புப் பிள்ளை என்பதால் கொஞ்சம் கடிந்துகொண்டேன்.

கடைசியில், தெரிந்த ஒரு குடும்பம் பீடோங்கில் தங்கள் இயந்திரத்தைத் துணி காயப்போட மட்டும் வைத்திருந்தது. 15 அங்குல எட்டு. ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிடித்தால் 700 வெள்ளி கொடுப்பது என்று பேசி லோரியில் ஏற்றி வந்தார்கள். ஐம்பது கிலோ கனம். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். அவன் முதலில் அதை ஹாலில் காற்றாடிக்கு நேர் கீழே வைத்தான். மிதிபலகை உயரும்போது ஆள் ஏறக்குறைய ஓரடி உயர்ந்து நிற்பார். காற்றாடியின் இறக்கை அங்கே சுழலும். சுவரோரம் மாற்றி வைக்கச் சொன்னேன். பேரப்பிள்ளைகள் அசையும் கம்பிகளுக்கிடையே விரல் விடுவார்கள் என்பதால், அம்மா மிதிக்கும் நேரத்தில் அவர்களை அறைக்குள் விடுவதில்லை.

அந்த ஒரு மாதத்தில் அவர் இருபத்திரண்டு நாள் ஏறினார். நாள்காட்டியில் பேரன் கோடு போட்டு வைத்திருந்தான். முதல் வாரம் ஐந்தைந்து நிமிடம். நான்காம் வாரம் காலை பத்து, மாலை பத்து. 700 வெள்ளியைக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனோ மருமகளோ கூட வந்தால் திடலுக்கும் போகிறார்.

புதியதாகக் கடையில் வாங்குகிறவர்கள் ரசீதையும் உத்தரவாதத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். எத்தனை கிலோ எடை வரை தாங்கும் என்று தாளில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். பொருள் பழுதாயிருந்து கடை கைவிரித்துவிட்டால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நீங்களே பதியலாம். வழக்கறிஞர் வேண்டியதில்லை; பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். கடைக்குப் போகும்போது காலணியைப் போட்டுக்கொண்டு போங்கள். நூலும் சாவியும் கையிலிருக்கட்டும்.