முடக்குவாத நோயாளிகளும் ஹஜ் பயணத் தடுப்பூசிகளும்

(ஹஜ் பயணிகளுக்கான விளக்கக் கூட்டத்தில் நமது ஜமாஅத்தின் மருத்துவக் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

தடுப்பூசி முகாம்களில் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும் தாயார் ஒருவர், தம் முறை வந்ததும் கையை இழுத்துக் கொள்கிறார். "எனக்குச் சரவாங்கி. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி ஆகாதாம்" என்கிறார். அதே நோயுடைய இன்னொருவரோ எதுவும் சொல்லாமல் ஊசியும் போட்டுக்கொண்டு, போலியோ சொட்டு மருந்தையும் வாங்கிக் கொள்கிறார். இருவர் செய்வதும் தவறே. ஏன் என்பதை விளக்கவே இங்கு வந்துள்ளோம்.

முடக்குவாதம், லூபஸ் போன்றவை, கிருமிகளை எதிர்க்க வேண்டிய நமது எதிர்ப்புச் சக்தி நம் உடலையே தாக்குவதால் வரும் நோய்கள். அதை அடக்கவே மெத்தோட்ரெக்ஸேட், பிரட்னிசோலோன் முதலிய மருந்துகள் தரப்படுகின்றன. நோயாலும் மருந்தாலும் இவர்களைத் தொற்று எளிதில் பற்றுகிறது. பற்றினால் கடுமையாகவும் ஆகிறது. ஆகவே தடுப்பூசி மற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கே அதிகம் தேவை.

ஹஜ்ஜின் பெருங்கூட்டத்தில் தொற்று பரவுவது வெறும் அச்சமன்று. 1987இலும், பின்னர் 2000, 2001ஆம் ஆண்டுகளிலும் ஹஜ் பயணிகளிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. அதன் பின்னரே நான்கு வகைக் கிருமிகளுக்கும் எதிரான தடுப்பூசியைச் சவூதி அரசு கட்டாயமாக்கியது. அங்கு சென்றடைவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அதைப் போட்டிருக்க வேண்டும்.

தடுப்பு மருந்துகள் இரு வகைப்படும். முதல் வகையில் உயிருள்ள கிருமி இல்லை; கொல்லப்பட்ட கிருமியோ அதன் ஒரு பகுதியோ மட்டுமே இருக்கும். மூளைக்காய்ச்சல் ஊசி, ஃப்ளூ காய்ச்சல் ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கஸ் ஊசி ஆகியவை இவ்வகையின. இவற்றால் அந்நோய் வருவதற்கு வழியே இல்லை. கையை இழுத்துக் கொண்ட அத்தாயார் மூளைக்காய்ச்சல் ஊசியையும் ஃப்ளூ ஊசியையும் தயங்காமல் போட்டுக் கொள்ளலாம்.

இரண்டாம் வகையில் வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமி இருக்கும். போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி ஆகியவை இவ்வகையின. எதிர்ப்புச் சக்தி மிகவும் அடக்கப்பட்டவரின் உடலில் அக்கிருமியே பெருகித் தீங்கு செய்யக்கூடும். எனவே இம்மருந்துகளை உண்பவர்கள், முகாமில் சொட்டு மருந்து தரப்படுமானால், வாய் திறக்கும் முன் தம் நோயையும் மாத்திரைகளையும் மருத்துவ அலுவலரிடம் கூற வேண்டும். ஊசியாகப் போடப்படும் போலியோ மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. அது பற்றி முன்னதாகவே கேட்டு ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

அடுத்து, காலம் பற்றிய செய்தி. நோய் அடங்கியிருக்கும் வேளையில் போடுவதே சிறந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைப் புதிதாகத் தொடங்க இருப்பவர்கள், இயன்றால் அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ரிட்டுக்ஸிமாப் ஊசி ஏற்றிக் கொள்பவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். அம்மருந்து எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் அணுக்களையே குறைத்து விடுவதால், அதை ஏற்றிய உடனே போடும் தடுப்பூசியால் கிடைக்கும் பலன் குறைவு. அடுத்த தவணை நெருங்கும் வேளையில் தடுப்பூசி போடுவதே வழக்கம். ஆகவே பயணம் உறுதியான அன்றே உங்கள் மருத்துவரைக் காணுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் உண்பவர்கள், நோய் கட்டுக்குள் இருந்தால், ஃப்ளூ ஊசிக்குப் பின் 2 வாரங்கள் அதை நிறுத்தி வைக்கலாம் என்பது அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மற்றக் கொல்லப்பட்ட வகை ஊசிகளுக்கு அவ்வாறு நிறுத்தத் தேவையில்லை. எதுவாயினும் மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறிப்பாக, நெடுநாள் உண்டுவந்த பிரட்னிசோலோனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் கைவலி, இலேசான காய்ச்சல், மூட்டுவலி வரலாம். அவை தாமே தணியும்.

அன்பானவர்களே! நாம் உங்களிடம் வேண்டுவது ஒன்றே. நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, முகாமிற்கு வரும்போது கையில் கொண்டு வாருங்கள். எழுத இயலாதோர் மாத்திரை அட்டைகளையே கொண்டு வாருங்கள். எழுதித் தர நம் இளைஞர்கள் இருக்கிறார்கள். அத்தாளைப் பார்த்தால் எது ஆகும், எது ஆகாது என்பதை மருத்துவர் உடனே கூறிவிடுவார்.

நலமுடன் சென்று, கடமைகளை நிறைவேற்றி, நலமுடன் திரும்பி வர வல்ல இறைவன் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.