மேலட்டையும் விழா நாளும்



விழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அடித்த பின்னரே மேலட்டையை அச்சுக்கு அனுப்புவது கவிதை நூல் வெளியிடுவோர் பலரின் வழக்கம். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கவிஞர்க்கோ கருநிறப் பின்னணியின்மேல் தீராக் காதல்! நான்கு வண்ணமும் திரண்டு படியும் இடத்தில் மை மெல்லவே காயும். ஒரு நாளேனும் பொறாமல் லேமினேஷன் செய்தால் படலம் சரிவரப் பற்றாது. கொப்புளம் எழும், ஓரம் உரியும். அச்சிட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கத் தூவும் பொடி மிகுந்தாலும் இதே கதிதான்.

நன்கு பற்றிய படலமும் தொல்லை தருவதுண்டு. மழைக்காலத்தில் அட்டையின் உட்புறம் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. வெளிப்புறப் படலமோ விரிவதில்லை. ஆகவே அட்டை வெளிநோக்கிச் சுருள்கிறது. ஈரத்தைப் புகவிடும் நைலான் படலம் இதற்கு மருந்து, விலைதான் கூடுதல்.

அட்டையின் இழை நூலின் முதுகுக்கு இணையாக ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும். 64 பக்க நூலின் முதுகோ 3 மில்லிமீட்டரை ஒட்டியது. இம்மி பிசகினாலும் தலைப்பு முன்னட்டையில் ஏறிவிடும். அத்துணை மெலிந்த முதுகில் எழுத்தே வேண்டா என்பது கவிஞர்க்குக் கசக்கும். ஆயினும் கேட்கத்தக்க யோசனை.

அச்சகத்தார் 2 நாள் கூடுதலாகக் கேட்டால் கொடுத்துவிடலாம். அழைப்பிதழை அதன்பின் அடித்துக்கொள்ளலாம்.