விடியும்வரை பாட்டரி உயிரோடிருக்க வேண்டும்!

(மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், நாகை மாவட்டக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடைபெற்ற விசைப்படகுத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



ஜூன் 14-ம் தேதியோடு தடைக்காலம் முடிகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் கட்டிக் கிடந்த படகுகள் மீண்டும் கடலுக்குப் போகப் போகின்றன. வலை பொத்தியாகிவிட்டது. வர்ணம் பூசியாகிவிட்டது. ஐஸுக்கும் டீசலுக்கும் சொல்லியாகிவிட்டது. எல்லாம் சரி. ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். பாட்டரியைப் பார்த்தீர்களா?

சிலர் சிரிக்கிறீர்கள். "இவர் பத்தாவது படித்தவர், எலெக்ட்ரீஷியன் வேலையைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?" என்று நினைக்கலாம். உண்மைதான். நான் பொறியாளன் அல்ல. ஆனால் இந்த வேலைக்கு முழு நேரமாக வருவதற்கு முன் நானும் படகில் போனவன். பாட்டரி செத்தால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, கடலில் கற்றேன்.

அன்று நடந்தது

சுமார் 15 வருஷங்களுக்கு முன், ஒரு தை மாதம். வாடைக் காற்று. ஏழு பேர் போயிருந்தோம். இரவு டீசலை மிச்சப்படுத்த யந்திரத்தை நிறுத்தி நங்கூரம் போட்டோம். விளக்குகள் எல்லாம் எரிந்தன. எக்கோ கருவியை யாரும் அணைக்கவில்லை. இன்வெர்ட்டரில் ஏழு செல்போன்கள் சார்ஜ் ஏறின. ஒருவர் பாட்டுப் பெட்டியை வைத்தார். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

விடியற்காலை டிரைவர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். 'டிக்'. அவ்வளவுதான்.

சரி, வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகைக் கூப்பிடலாம் என்றோம். அது வேலை செய்தது. மற்றவர்கள் பேசுவது காதில் விழுந்தது. ஆனால் நாங்கள் பொத்தானை அழுத்தியதும் திரை மங்கி அணைந்துவிட்டது. விட்டால் மறுபடி உயிர் வரும், அழுத்தினால் போய்விடும். உலகம் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது; எங்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லை!

நங்கூரம் பிடிக்கவில்லை. படகு இழுபட்டுக்கொண்டே போனது. ஜி.பி.எஸ். அணைந்துவிட்டதால் எங்கே போகிறோம் என்று சொல்ல முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஒரு படகு கண்ணில் பட்டு, சட்டையைக் கழற்றி ஆட்டி, அவர்கள் கட்டி இழுத்து வந்தார்கள். அவர்களுக்கும் அன்றைய தொழில் நஷ்டம். நாங்கள் பிழைத்தோம். காற்று இன்னும் கொஞ்சம் ஓங்கியிருந்தால்?

ஏன் அப்படி ஆயிற்று?

இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. வயர்லெஸ் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியருக்கும் குறைவாகவே குடிக்கும். பொத்தானை அழுத்தி முழுச் சக்தியில், அதாவது 25 வாட்டில் பேசினால் ஐந்து, ஆறு ஆம்பியர் கேட்கும். செத்துக்கொண்டிருக்கும் பாட்டரி அதைக் கொடுக்காது. யந்திரத்தைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரோ அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். ஆகவே பாட்டரி இறங்கும்போது முதலில் போவது யந்திரம். அடுத்தது நம் குரல். விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து "பாட்டரி இருக்கிறது" என்று நாம் ஏமாந்து போகிறோம்.

நம் தாத்தாமார்கள் பாட்டரி இல்லாமல் கடலுக்குப் போகவில்லையா என்று பெரியவர்கள் கேட்கலாம். போனார்கள். நட்சத்திரம் பார்த்தார்கள், நீரோட்டம் பார்த்தார்கள், நாகூர் மினாராவையும் வேளாங்கண்ணிக் கோபுரத்தையும் பார்த்துக் கரை சேர்ந்தார்கள். பாய் இருந்தது, துடுப்பு இருந்தது. இன்று விசைப்படகில் பாயும் இல்லை, துடுப்பும் இல்லை. வழி காட்டுவது, ஆழம் காட்டுவது, பேசுவது, யந்திரத்தைக் கிளப்புவது என எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டியை நம்பியே நிற்கின்றன.

கணக்குப் போடுவோம்

மீன் விற்ற கணக்கை நாம் பைசா சுத்தமாகக் கேட்கிறோம். பாட்டரிக் கணக்கையும் அப்படியே கேட்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் முதுகிலும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். ஆம்பியரை மணியால் பெருக்கினால், அது குடிக்கும் அளவு.

மாலை 6 மணி முதல் காலை 5 மணி வரை 11 மணி நேரம். யந்திரம் ஓடவில்லை. எக்கோ கருவி ஒன்றரை ஆம்பியர் வீதம் விடியும்வரை எரிந்தால் 16. ஜி.பி.எஸ். அரை ஆம்பியர் என்றால் 5 அல்லது 6. வயர்லெஸ் 4. பத்து வாட் எல்.ஈ.டி. விளக்கு நான்கு எரிந்தால் 36. இன்வெர்ட்டர் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் ஓர் ஆம்பியர் தின்னும், அது 11. அதில் ஏறும் செல்போன்களுக்கு 10. கூட்டினால் 80-க்கு மேல்! 100 ஆம்பியர்-மணி என்று எழுதிய பாட்டரியில் விடியும்போது என்ன மிஞ்சும்?

இன்னொரு விஷயம். 100 என்று எழுதியிருந்தால் 100-ம் நமக்குச் சொந்தமில்லை. பாதிக்குக் கீழே இறக்கினால் பாட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே நமக்கு உரியது 50-தான்.

இப்போது அதே இரவைப் புத்தியோடு நடத்துவோம். எக்கோ கருவி தேவைப்பட்ட இரண்டு மணி நேரம் மட்டும்: 3. ஜி.பி.எஸ். இரவு முழுவதும் இருக்கட்டும். நங்கூரம் இழுபட்டால் அதுதான் சொல்லும். திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். வயர்லெஸ் கட்டாயம் இருக்க வேண்டும்: 4. நங்கூர விளக்கு, ஐந்து வாட், விடியும்வரை: 4 அல்லது 5. தளத்தில் இரண்டு விளக்கு, வேலை நடக்கும் மூன்று மணி நேரம் மட்டும்: 5. செல்போனுக்குப் பகலில் யந்திரம் ஓடும்போதே, இன்வெர்ட்டர் இல்லாமல் 12 வோல்ட் சார்ஜரில் ஏற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 22 அல்லது 23. அதே படகு, அதே பாட்டரி. 80 எங்கே, 22 எங்கே!

ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்று சொல்லி நங்கூர விளக்கை அணைக்காதீர்கள். வயர்லெஸ்ஸையும் அணைக்காதீர்கள். இருட்டில் கிடக்கும் படகு கப்பல்காரன் கண்ணுக்குத் தெரியாது. அபாயக் குரல் வரும் 16-வது சானலைக் கேட்க ஒரு காது எப்போதும் இருக்க வேண்டும்.

இரண்டு பாட்டரி, இரண்டு வேலை

யந்திரத்தைக் கிளப்பும் பாட்டரி வேறு. விளக்கும் கருவியும் ஓட்டும் பாட்டரி வேறு. முதலாவதில் தகடு மெல்லியது. ஒரு கணம் ஓங்கிக் கொடுக்கும். நெடுநேரம் கொடுக்கத் தாங்காது. இரண்டாவதில் தகடு தடித்தது. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பாட்டரி மாதிரி, மெதுவாக நெடுநேரம் கொடுக்கும். இரண்டையும் தனித்தனியாக வைத்து, நடுவே மாற்றுச் சுவிட்சு போடுங்கள். யந்திரம் நின்றதும் சுவிட்சைக் கருவிப் பாட்டரிக்குத் திருப்புங்கள். யந்திரப் பாட்டரியை இரவில் யாரும் தொடக்கூடாது. இது ஒன்றைச் செய்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

பெரிய படகுகளில் இரண்டு பாட்டரியைக் கோத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். அதில் ஒரு பாட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் கம்பி இழுத்து வயர்லெஸ்ஸுக்குக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இது தப்பு. ஒன்று காலியாகும், மற்றது அளவுக்கு மீறி ஏறும். கடைசியில் இரண்டும் கெடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

கையால் கயிறு இழுத்துக் கிளப்பும் பைபர் படகுத் தோழர்களே, உங்களுக்குக் கடலில் சார்ஜ் ஏற்ற வழியே இல்லை. கரையிலிருந்து கொண்டுபோவதுதான் எல்லாம். 50 வாட் சோலார் தகடு ஒன்றை, கட்டுப்படுத்தும் கருவியோடு வைத்தால் நல்ல வெயில் நாளில் 15 ஆம்பியர்-மணி அளவுக்குத் திருப்பிக் கொடுக்கும். விளக்குக்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் அது போதும்.

கண்ணுக்குத் தெரியாத திருட்டு

எல்லாச் சுவிட்சையும் அணைத்த பிறகும் பாட்டரி இறங்குகிறதா? அப்படியானால் எங்கோ கசிவு இருக்கிறது. பாட்டரியின் மேல்பக்கம் உப்பு ஈரம் படிந்தால் அதன் வழியாகவே மின்சாரம் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓடும். வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். ஒழுங்காகப் போக வேண்டிய மின்சாரம் அங்கே தடைபடும். மெல்லிய வயர் போட்டாலும் அதே கதிதான். பாட்டரியில் 12 இருக்கும், கருவிக்கு 11-தான் போய்ச் சேரும்.

கசிவைக் கண்டுபிடிக்க வழி சுலபம். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கழித்தல் முனையைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பாருங்கள். முள்ளோ எண்ணோ அசைந்தால் திருடன் உள்ளே இருக்கிறான். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் அளவு விழுகிறதோ, அந்த வழியில்தான் அவன் இருக்கிறான். ஆனால் மீட்டரை வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிவிடாதீர்கள்; மீட்டர் கருகிவிடும்.

டிரைவர் முன்னால் ஒரு சின்ன வோல்ட்மீட்டரையும் மாட்டுங்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒன்றும் ஓடாமல் சற்று ஓய்ந்திருக்கும்போது 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்கு வந்தால் கால்தான் மிச்சம். 12.2 வந்ததும் தேவையில்லாததை அணைக்க வேண்டும், அல்லது யந்திரத்தைக் கிளப்ப வேண்டும்.

"அரை மணி ஓட்டினால் நிரம்பிவிடும்" என்று நினைக்காதீர்கள். மூட்டையில் நெல் கொட்டுவது போலத்தான். முக்கால் மூட்டை சீக்கிரம் நிறையும். மிச்சத்தைத் தட்டித் தட்டித்தான் நிரப்ப வேண்டும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏற மணிக்கணக்காகும். அரைகுறையாக விட்டுவிட்டால் ஈயத் தகட்டில் உப்பு இறுகி, பாட்டரி நாளுக்கு நாள் சுருங்கிவிடும். இந்த 61 நாளும் சார்ஜ் போடாமல் கிடந்த பாட்டரிகளுக்கு அந்த கதிதான் வந்திருக்கும். அதனால்தான் கடலுக்குப் போகுமுன் பாருங்கள் என்கிறேன்.

செலவு யாருடையது?

அன்று கரை வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? புது பாட்டரியின் விலை எங்கள் பங்கில் கழிக்கப்பட்டது! நாங்கள் வீணாக்கியது உண்மை. ஆனால் அது பழைய பாட்டரி என்பதும், மாற்றுச் சுவிட்சு இல்லை என்பதும் உண்மை. டீசல், ஐஸ், சாப்பாடு அந்தப் பயணத்தோடு தீர்ந்துபோகிறது. அதைப் பொதுவில் கழித்துப் பங்கு பிரிப்பது வழக்கம். பாட்டரி அப்படியா? அது படகோடு கிடக்கிறது. படகோடு கிடப்பது படகுக்காரர் கணக்கு. இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. சிறிய படகுக்காரரும் கடனில்தான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஒரு சுவிட்சுக்கும் மீட்டருக்கும் செலவழித்தால் வருஷா வருஷம் பாட்டரி வாங்கும் செலவு அவருக்கும் மிஞ்சும். வாங்கிக் கொடுப்பது அவர் பொறுப்பு. காப்பாற்றுவது நம் பொறுப்பு.

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் கன்யாகுமரிக் கடலில் அடித்ததை மறக்க முடியுமா? முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எச்சரிக்கையைக் கொண்டுசேர்ப்பது சர்க்காரின் கடமை. அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்று செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் படகுகளில் பொருத்துகிறார்கள். நல்லது. ஆனால் வரும் செய்தியை வாங்க நம் கருவிகள் விழித்திருக்க வேண்டாமா?

ஆகவே தோழர்களே, படகு இறங்குமுன் ஐந்து வேலைகளைச் செய்யுங்கள். பாட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, ஒரு நாள் ஓய்வுக்குப் பின் அளந்து பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் குறைந்திருந்தால் ஊற்றுங்கள்; மூடி திறக்கும்போது பீடி பற்றவைக்காதீர்கள், அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும். முனைகளைச் சுத்தம் செய்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். மாற்றுச் சுவிட்சும், பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸும் போடுங்கள். ஐந்தாவது, இரவில் பாட்டரியைக் கவனிக்கும் பொறுப்பை ஓர் ஆளிடம் முறை வைத்துக் கொடுங்கள். எல்லார் பொறுப்பும் என்றால் யார் பொறுப்பும் இல்லை என்று ஆகிவிடும். அன்று எங்கள் படகில் நடந்தது அதுதான்.

விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் யந்திரம் உறும வேண்டும். பொத்தானை அழுத்தியதும் நம் குரல் கரைக்குக் கேட்க வேண்டும். இறங்குதளத்தில் கூடையோடு காத்திருக்கும் இந்தத் தாய்மார்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய உறுதி அது.