விரல் வைத்த பக்கம்



நூலில் 'காண்க' என்ற குறிப்பைக் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? படித்த பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, குறித்த பக்கத்தைப் புரட்டுகிறோம்; பார்த்தபின் விரல் வைத்த பக்கத்துக்கே மீள்கிறோம். கணினியில் படிக்கும் விளக்க நூல்களில் இக்குறிப்புகளையே இணைப்புகள் என்கிறோம். மவுஸ் பிடிப்பவர் கண்டவுடன் அவற்றைத் தொட்டுவிடுவார். பார்வையற்றவரும் கைநடுக்கம் உடையவரும் விசைப்பலகை ஒன்றையே நம்பியிருக்கின்றனர்.

நரிக்குடியில் என் வீட்டுத் திண்ணையில், பார்வையற்ற பழைய மாணவர் ஒருவர் அத்தகைய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று, விலையின்றி வழங்கப்படும் என்.வி.டி.ஏ. என்னும் செயலி திரையை அவருக்குப் படித்துக் காட்டியது. நடுவிலிருந்த இணைப்பொன்றைத் திறந்து பார்த்துத் திரும்பினார். நூலோ அவரைப் பக்கத்தின் தலைப்பிலே கொண்டுபோய் நிறுத்தியது! கடந்த இணைப்புகளையெல்லாம் மறுபடி கடக்க வேண்டியதாயிற்று. "ஐயா, நரிக்குடிக்குச் சீட்டு வாங்கினால் விருதுநகரில் இறக்கிவிடுகிறார்களே!" என்றார். நகைத்தேன், ஆயினும் மனம் நொந்தது.

அவர் கூறிய உவமையையே விரித்துரைக்கிறேன். விருதுநகரில் புறப்படும் இரயில் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று வரிசை பிறழாமல் செல்கிறது. அதுபோல டேப் விசையை அழுத்துந்தோறும், படிக்கும் வரிசையிலேயே அடுத்த இணைப்பு வரவேண்டும். ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் முந்தையது வரவேண்டும். நின்ற இடம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். பாராதவர்க்கு ஒலியால் அறிவிக்கப்படவேண்டும். எண்டர் விசை இணைப்பைத் திறக்கவேண்டும். திரும்பினால், புறப்பட்ட இணைப்பிலேயே நிற்கவேண்டும். எவ்விடத்தும் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்ளலாகாது.

இவை செய்தற்கரியன அல்ல. 1992-இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய லிங்க்ஸ் என்னும் உலாவியில், மேல் கீழ் அம்புவிசைகள் இணைப்புக்கு இணைப்பு நகர்த்தும். வலது அம்பு திறக்கும். இடது அம்பு மீட்கும். விசைப்பலகையால் எல்லாம் இயலவேண்டும் என்பதை 2008-இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிகளும் வற்புறுத்துகின்றன. நம் நாட்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், 2016-உம் மின்னணுச் செய்திகள் அவர்களுக்கு எட்டவேண்டும் என்கிறது. ஆகவே இது சலுகையன்று, உரிமை.

உங்களுள் பலர் நாளை கணினி நூல்களை ஆக்குவீர்கள். ஆக்கியதும் மவுஸை ஒருபுறம் வைத்துவிட்டு, விசைப்பலகையால் மட்டும் முதலிலிருந்து முடிவுவரை படித்துப் பாருங்கள். எங்கே நீங்கள் தடுமாறுகிறீர்களோ, அங்கே ஒருவருடைய கல்வி தடைப்படுகிறது என்பதை உணர்ந்து திருத்துங்கள்.