ஈர விறகும் பழுக்கக் காய்ந்த இரும்பும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

என் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கிளாட் தேர்வுக்குத் தயாராகி வருகிறாள். இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் போய்விடும். கேள்விகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தர்க்க அறிவைச் சோதிப்பவை. "கடன் விண்ணப்பங்களை முப்பத்தைந்து வருஷம் அலசியவன் நான், சொல்லித் தருகிறேன் வா" என்று உட்கார்ந்தேன். பயிற்சிப் புத்தகத்திலிருந்து பத்துக் கேள்வி கேட்டாள். ஆறு தவறு!

அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். "தினமும் நூலகத்தில் படித்தவர்கள் எல்லோரும் தேறினார்கள். ரமா தேறினாள். ஆகவே ரமா தினமும் நூலகத்தில் படித்தவள். இந்த வாதத்தில் குறை எது?" எனக்குக் குறையே தெரியவில்லை. நூலகத்தில் படிப்பது நல்ல பழக்கம்தானே என்று மனசு ஒப்புக்கொண்டுவிட்டது. கொடுத்திருந்த நான்கு விடைகளில் ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தேன்.

பேத்தி சிரித்தாள். "தாத்தா, முடிவு நிஜமா பொய்யான்னு கேள்வியே இல்லை. சொன்ன காரணத்திலேர்ந்து அந்த முடிவு வருமான்னுதான் கேட்டிருக்கா. ரமா ஆத்துலேயே படிச்சும் பாஸ் பண்ணியிருக்கலாமே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதைத்தானே நம் தர்க்க சாஸ்திரக்காரர்களும் சொன்னார்கள்! கௌதமரின் நியாய சூத்திரம் ஹேத்வாபாசங்கள், அதாவது காரணம் போலத் தோன்றும் போலிக் காரணங்கள், ஐந்து என்று கணக்குச் சொல்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகத்தை இன்றும் பாடசாலைகளில் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், இது சரி. நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று திருப்பினால் தவறு. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வர வேண்டுமானால் ஈர விறகும் சேர வேண்டும். அந்த ஈர விறகுக்கு உபாதி என்று பெயர். நூலகக் கேள்வியில் இருப்பதும் இதே திருப்பல்தான்.

ஆனால் ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். "நூலகத்தில் படித்தவர்கள் மட்டும்தான் தேறினார்கள். ரமா தேறினாள்." இப்போது ரமா நூலகத்தில் படித்தவள் என்பது சரியான முடிவு. "எல்லோரும்", "சிலர்", "மட்டும்" என்ற சொற்களைக் கண்டால் குழந்தைகள் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வகை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. புதிய தலைமை ஆசிரியர் வந்தார், தேர்ச்சி கூடியது, ஆகவே அவரால்தான் கூடியது என்பார்கள். அந்த வருஷம் வேறு என்னவெல்லாம் மாறியது என்று கேட்க வேண்டும். மூன்றாவது, இரண்டைப் பார்த்து இருநூறைத் தீர்மானிப்பது. பெங்களூரில் வேலை பார்க்கும் இரண்டு பையன்களின் ஜாதகம் வாங்கினோம், அவர்கள் பதிலே போடவில்லை, ஆகவே பெங்களூர்ப் பையன்களே இப்படித்தான் என்போம்! (சிரிப்பு)

இப்போது சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1996-ல் அத்திம்பேர் காலமானார். அவருடைய கிராஜுவிட்டிப் பணத்தை எங்கே போடலாம் என்று அக்கா என்னைக் கேட்டாள். வங்கிக்காரத் தம்பி ஆயிற்றே! ஒரு நிதி நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். நான் நினைத்தது இவ்வளவுதான்: நாணயமான நிறுவனம் முதல் தேதியில் வட்டி தரும், இவர்கள் முதல் தேதியில் தருகிறார்கள், ஆகவே நாணயமானவர்கள். ஒன்றரை வருஷம் வட்டி தவறவில்லை. பிறகு ஒரு நாள் கதவு பூட்டியிருந்தது. புதிதாகச் சேருகிறவர்களின் முதலை எடுத்துப் பழைய ஆட்களுக்கு வட்டியாகக் கொடுத்திருக்கிறார்கள். முதல் தேதி வட்டி நெருப்பாக இருந்தது. நாணயம் என்ற புகை அதில் இல்லை. அக்கா கடைசி வரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வங்கியில் வேற்று மனிதர் விண்ணப்பம் கொண்டு வந்தால் இந்தக் குறையை ஒரு நிமிஷத்தில் பிடித்திருப்பேன். இங்கே ஏன் பிடிக்கவில்லை? முடிவு எனக்குப் பிடித்திருந்தது. அதிக வட்டி வந்தால் அக்காவுக்கு நல்லது என்ற ஆசை. முடிவு பிடித்துவிட்டால் காரணத்தை யாரும் சோதிப்பதில்லை. நூலகக் கேள்வியில் நான் தோற்றதும் இதனால்தான்.

ஆகவே தேர்வு எழுதும் குழந்தைகளுக்கு நான் சொல்வது மூன்று. முதலில், "ஆகவே" எங்கே என்று தேடி முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, காரணம் முழுவதும் உண்மை என்றே வைத்துக்கொண்டு, முடிவு மட்டும் பொய்யாகும்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்யுங்கள். பழுக்கக் காய்ந்த இரும்பைத் தேடுவது என்றால் இதுதான். மூன்றாவது, அந்த இடைவெளியைச் சொல்லும் விடையை எடுங்கள். முடிவுக்கு எதிராக வெறும் ஒரு தகவலைச் சொல்லும் விடை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்கு ஒரே விண்ணப்பம். வைப்புத் தொகையோ, வரனோ, வாட்ஸப்பில் வரும் மருந்தோ, எதுவானாலும் "அதிலேர்ந்து இது எப்படி வரும்?" என்று வீட்டுக் குழந்தை கேட்டால், எதிர்த்துப் பேசுகிறது என்று அடக்காதீர்கள். 1996-ல் எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க ஒரு குழந்தை இல்லை.

இப்போது தினமும் ராத்திரி பேத்தியோடு பத்துக் கேள்வி போடுகிறேன். நேற்று எட்டு சரி.